நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில்

மகுடபதியின் சாவு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு வேப்பிலை அளவில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குப் பியூலா அதைத் திரையில் கண்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சாம்பல் நிறப் பரப்பின் நடுவே, சற்றே சாய்ந்து, நுனி கூர்ந்து, வெளிறிய ஓர் இலை.

ஆறு வருடங்களில் முதல்முறையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.

வானேணி நிறுவனத்தின் தொழிலைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. தேரிக்காட்டுச் செம்மணல் கடலைத் தொடும் இடத்தில் ஒரு ராக்கெட்டை நிறுத்தி, அதன் தலையில் ஆளை உட்கார வைத்து, நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, பதினோரு நிமிடத்தில் பாராசூட்டில் இறக்கிவிடுவது. ராக்கெட்டின் வயிறு ஓர் எஃகு உருளை. மூன்று பேர் கைகோத்தால் கட்டிப்பிடிக்கலாம். உள்ளே அழிரப்பர் போலக் கெட்டியாக வார்த்த எரிபொருள். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு துளை. நெருப்பு அந்தத் துளையில் பற்றி, வெளிப்பக்கமாக நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் தின்றுகொண்டே வரும். இந்த முழு உருளையைத்தான் இங்கே எல்லோரும் மோட்டார் என்பார்கள். எரிபொருளுக்குள் எங்காவது ஒரு வெடிப்பு இருந்தால் போதும். நெருப்பு அங்கே வந்து சேர்ந்ததும் தின்பதற்குத் திடீரென்று கூடுதல் பரப்பு கிடைக்கும். அழுத்தம் ஏறும். எஃகு கிழியும்.

பியூலா மனக்கணக்குப் போட்டாள். துளையின் விளிம்பிலிருந்து இலை பதின்மூன்று சென்டிமீட்டர். அப்படியானால் பதின்மூன்றாவது நொடி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்த மோட்டாரின் தலையில் உட்காரப்போகிற முதல் பயணி, நிறுவனத்தின் தலைவர் மகுடபதி. ஒரே பயணி. ஓட்டுநர் கிடையாது, ஓட்டுவது கம்ப்யூட்டர்.

"என்ன மேடம், சிரிக்கீங்க?"

வாசலில் சுடலைமுத்து. ஏவுதளத்தின் மூத்த ஃபோர்மேன். ஐம்பது வயது, கையில் எப்போதும் ஒரு ஸ்பானர். பியூலாவோடு வேலை பார்க்க நேர்ந்ததைப் பல்வலியைப்போலப் பொறுத்துக்கொண்டிருப்பவர்.

"சிரிக்கலியே அண்ணாச்சி." திரையை அணைத்தாள்.

"கிரேன் பன்னெண்டு மணிக்கு வந்துரும். மோட்டாரைத் தூக்கணும். பழைய மெஷின் டெஸ்ட்டுதான் நேத்தே முடிஞ்சு போச்சே, இன்னும் என்னத்தத் தடவிக்கிட்டு இருக்கீங்க?"

"சும்மா. என் மெஷினை ஓட்டிப் பாக்கேன்."

சுடலைமுத்து மோட்டாரைச் சுற்றி வளையமாக ஒட்டியிருந்த நாற்பத்தெட்டு சிறிய ஒலிக்குமிழ்களைப் பார்த்தார். ஆர்வம் வெறுப்பை வென்றது.

"பழைய மெஷின்ல முப்பது சென்டிமீட்டருக்குக் கீழ ஒண்ணுமே தெரியாது. சத்தத்தை இந்த ரப்பர் முழுங்கிருது. இதுல மட்டும் எப்படித் தெரியுங்கீங்க?"

"திருச்செந்தூர் விசாகக் கூட்டத்துல ஒங்க வீட்டம்மா ஒங்களைக் கூப்பிட்டா காதுல விழுமா?"

"அவ கூப்பிட்டா உடன்குடி வரைக்கும் விழும்."

"மெதுவாக் கூப்பிடுதாங்கன்னு வைங்க. ஆனா ஒரே ராகத்துல, விடாம, லட்சம் தடவ. கூட்டத்து இரைச்சல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. அவங்க ராகம் மாறாது. லட்சத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா, இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுச் செத்துப்போகும். ராகம் மட்டும் மிஞ்சும். அதான் இந்த மெஷின். பலவீனமான பதிலுக்காகச் சலிக்காமக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

"ஒரு லட்சம் தடவ கேக்க ஒரு நாள் ஆகுமே?"

"கேள்விக்குக் கேள்வி நடுவுல விடுத இடைவெளியக் குறைச்சுட்டேன். ரப்பருக்குள்ள சத்தம் சீக்கிரம் செத்துரும்லா, அதுக்கு மேல காத்திருந்து என்ன? மூணு மணி நேரத்துல முடிஞ்சுருது."

"சரி, என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சுத்தமா இருக்கு."

அவர் ஸ்பானரைத் தோளில் தட்டியபடி திரும்பினார். வாசலில் நின்று, "ஒங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொன்னாரு" என்றார். போய்விட்டார்.

பியூலாவுக்கு அது பழகிப்போன கல்லடி.

ஆறு வருடங்களுக்கு முன்னால், ஒரு மோட்டாரைத் தரையோடு இறுக்கி எரித்துப் பார்த்தபோது அது பாதி எரியும் முன்பே வெடித்தது. பக்கத்துப் பார்வைக் கொட்டகையில் நின்ற ஆறு பேர் செத்தார்கள். மோட்டாரைச் சோதித்தவன் ஐசக், பியூலாவின் கணவன். அவனும் அந்த ஆறில் ஒருவன். அன்று காலை போனில், "சோதனைப் பாரத்துல ரெண்டே கட்டம்தான் இருக்கு பியூ. ஏற்பு, மறுப்பு. ரெண்டுலயும் குறி போடல. முப்பது சென்டிமீட்டருக்குக் கீழ ஒலி போகல, உள்ளே என்னன்னு தெரியலன்னு ஓரத்துல எழுதிட்டேன். மகுடபதி சாருக்குத்தான் கோவம்" என்று சொல்லியிருந்தான். விசாரணைக்குப் போனது டைப் அடித்த நகல். ஓரக் குறிப்பு இல்லை. ஏற்பு என்ற கட்டத்தில் பளிச்சென்று ஒரு குறி. சோதனையாளரின் கவனக்குறைவே காரணம் என்று தீர்ப்பாயிற்று. அசல் பாரம் தீயில் போய்விட்டது என்றார் மகுடபதி.

தொழிற்சாலை வாசலில் ஒரு கறுப்புக் கல் நட்டார்கள். செத்தவர்கள் ஆறு பேர். கல்லில் ஐந்து பெயர். மூன்றாவது பெயர் சின்னத்துரை, சுடலைமுத்துவின் உடன்பிறந்த தம்பி. ஆறாவது பெயரைப் பொறித்தால் கல்லை உடைப்போம் என்று ஐந்து குடும்பமும் சொன்னது. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் பியூலா உட்காரும் பெஞ்சில் இன்றுவரை வேறு யாரும் உட்காருவதில்லை.

மகுடபதி அவளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார், டிவி கேமராக்களுக்கு முன்னால். அவள் கைகூப்பி வாங்கிக்கொண்டாள். காரணம், வெடித்த மோட்டாரின் இரட்டை நான்காம் நம்பர் கிடங்கில் இருந்தது. அதே நாள், அதே கலவை, அதே அச்சில் வார்த்தது. அதன் வயிற்றைப் பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைச் செய்ய ஆறு வருடம் ஆயிற்று.

போன மாதம் அந்த இரட்டையைச் சோதித்தாள். நாற்பத்திரண்டு சென்டிமீட்டரில் ஒரு வேப்பிலை. வார்ப்பிலேயே பழுது; ஐசக் எழுதியதைக் கேட்டு நிறுத்தியிருந்தால் ஆறு பேரும் பிழைத்திருப்பார்கள். படத்தை எடுத்துக்கொண்டு மகுடபதியிடம் ஓடினாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"அம்மிணி, உங்க மெஷினு சாமியாடி மாதிரிங்க. அதுக்கு மட்டும் தெரியும், நமக்குத் தெரியாது."

நான்கு நாளில் இரட்டை மோட்டாரைக் கழிவுக் குழியில் போட்டு எரித்துவிட்டார்கள். "பழசுங்க. எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு" என்றார் மகுடபதி, பல் குத்திக்கொண்டே.

அந்தக் குழியின் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பியூலா ஒன்றை முடிவு செய்தாள். இனி நியாயம் கேட்பதில்லை.

இப்போது புது மோட்டாரில் அதே இலை. அதே ஆழம், அதே சாய்வு. அதே அச்சின் அதே பாவம். அவள் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் இனிப்பான விஷயம். இங்கே செல்லுபடியாவது பழைய மெஷினின் சோதனை மட்டும். எதிரொலி வரவில்லை என்றால் பழுதில்லை. மகுடபதியே கையெழுத்திட்டு ஒட்டிய விதி அது, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஒலி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று வருவது வேறு. வழியிலேயே செத்துப்போவது வேறு. இருட்டறையில் விளக்கில்லாமல் எட்டிப் பார்த்துவிட்டு யாருமில்லை என்று சொல்கிற விதி. அந்த விதிப்படி நேற்றே ஏற்பு என்று குறி போட்டாகிவிட்டது.

கேன்டீனுக்குப் போனாள். இரண்டு பரோட்டா சாப்பிட்டாள். மூன்றாவதும் கேட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மகுடபதி அவள் அறைக்கு வந்தார். தனியாக. பின்னாலேயே வரும் மூன்று உதவியாளர்களில் ஒருவர்கூட இல்லை. கதவைத் தானே சாத்தினார்.

"உக்காருங்க அம்மிணி, எந்திரிக்க வேண்டாம்." அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அறுபத்திரண்டு வயதுக்கு நல்ல உடம்பு. ஆனால் இன்று கழுத்துப்பட்டை நனைந்திருந்தது. "புது மெஷின்ல பார்த்தீங்களா?"

"அதுல பார்க்கச் சொல்லி யாரும் சொல்லலியே சார்."

"சொல்லலீங்க. பார்த்தீங்களான்னுதான் கேக்கறேன்."

"சாமியாடின்னீங்க."

"சொன்னனுங்க." கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். "சாவு பயம் வந்தா சாமியாடிகிட்டத்தானுங்க போறோம்?"

எதிரில் இருப்பவன் வியர்ப்பதைப் பார்ப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஊரெல்லாம் சொல்லியாச்சு. மந்திரி வர்றாரு, டிவிக்காரன் வர்றான். இப்பப் போயி முடியாதுன்னா கோயமுத்தூர்ல தலைகாட்ட முடியாதுங்க. ஆனா மூணு நாளாத் தூக்கமில்ல. கண்ணை மூடுனா உங்க வீட்டுக்காரரு வந்து நிக்கறாரு. ஒண்ணுமே பேசறதில்ல, பாரத்தை மட்டும் நீட்டறாரு." சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். பிரித்து, பள்ளிப் பையனைப்போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "ஐசக் எந்தக் கட்டத்திலும் குறி இடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என ஓரத்தில் எழுதினார். நகலில் ஏற்பு என்று குறியிடச் சொன்னது நான். அசலைக் கிழித்ததும் நான். இப்படிக்கு, மகுடபதி."

பியூலாவின் கை தானாக நீண்டது. அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்பத் தர மாட்டனுங்க. சனிக்கிழமை கீழ எறங்குனதும் என் கையாலயே தர்றேன். நான் எறங்கலீன்னா இதுவும் எங்கூடவே எரிஞ்சு போகும். பழுது இருக்குதுன்னு சொன்னீங்கன்னா பயணத்தை நிறுத்திப்போட்டு இப்பவே, இந்த நிமிசமே கொடுத்தர்றேன். மெஷினு சொல்லுச்சுன்னா எனக்கும் ஊர்ல சொல்லிக்க ஒரு காரணமாச்சு." அவர் முன்னால் குனிந்தார். "அதனால நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இருக்குதுங்களா, இல்லீங்களா?"

கெட்டிக்கார மனுஷன். நாற்பது வருடம் வியாபாரம் செய்தவன். உண்மையைச் சொல்ல வைப்பதற்கு இதைவிட உறுதியான பூட்டு கிடையாது. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐசக்கின் பெயர் கல்லில் ஏறும். சுடலைமுத்து தலை குனிவார். கோயில் பெஞ்சில் பக்கத்தில் ஆள் உட்காரும். மகுடபதி உயிரோடு இருப்பார். வழக்கு பத்து வருடம் நடக்கும், வக்கீல்கள் வருவார்கள், நெஞ்சுவலி வரும், ஜாமீன் வரும். கல்லில் பெயர் வரும். ஐசக் வரமாட்டான்.

ஐசக்கைக் கொட்டகையிலிருந்து எடுத்தபோது அவன் கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள்.

"மோட்டார்ல ஒரு பழுதும் இல்ல சார்" என்றாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாக, பிசிறில்லாமல் வந்தது. "என் மெஷின்ல மூணு மணி நேரம் பார்த்தேன். சுத்தம். தைரியமாப் போயிட்டு வாங்க."

மகுடபதி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருக்கோணும் அம்மிணி நீங்க. நல்லா இருக்கோணும்."

அவர் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஐசக்கின் பெயரை விற்றாகிவிட்டது. வாங்கிய பொருள் சனிக்கிழமை வந்து சேரும்.

சனிக்கிழமை. வானத்தில் துணுக்கு மேகம்கூட இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, கான்கிரீட் பதுங்கு அறையில் பியூலா நின்றாள். ஏவுதளத்தில் ஒருவரும் இல்லை என்பதை மூன்று தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். நான்காவது தரம் கேட்டபோது சுடலைமுத்துவுக்கே எரிச்சல் வந்தது.

"எல்லாரும் வந்தாச்சு மேடம். நானே கடைசியா வாரேன். மொதலாளிக்குப் பெல்ட்டு மாட்டிவிட்டதும் நாந்தான். ஒங்களத்தான் கேட்டாரு."

"என்னையா?"

"'அம்மிணி பார்த்துட்டாங்க, இனி பயமில்லை'ன்னாரு."

ஒன்பது மணி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெள்ளைப் புகைத் தூண் செம்மணலிலிருந்து எழுந்தது. பியூலா உதட்டை அசைக்காமல் எண்ணினாள். ஏழு. எட்டு. நெருப்பு ரப்பரைத் தின்றுகொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது. பத்து. பதினொன்று. இலையின் நுனியைத் தொட்டிருக்கும். பன்னிரண்டு.

பதின்மூன்று.

கண்ணை மூடவில்லை. மூடக்கூடாது என்று செவ்வாய்க்கிழமையே முடிவு செய்து வைத்திருந்தாள்.

பதினான்கு.

பதினைந்து.

புகைத்தூண் நேராக, நூல் பிடித்தாற்போல ஏறிக்கொண்டே இருந்தது. இருபது. முப்பது. அறையில் யாரோ விசில் அடித்தார்கள். ஐம்பத்தைந்தாவது நொடியில் எரிபொருள் தீர்ந்து, புள்ளியாகச் சுருங்கி, மறைந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அப்பட்டமான ஏமாற்றம், பந்தியில் உட்கார்ந்து இலை போட்டபின் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று சொன்னதுபோல. வெட்கம் வர இன்னும் நெடுநேரம் ஆயிற்று.

பதினோரு நிமிடம் கழித்து மகுடபதி கடற்கரையில் இறங்கினார். மாலைகள், மைக்குகள், மந்திரி. எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு, தள்ளாடும் காலோடு அவர் நேராகப் பியூலாவிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"வாக்குன்னா வாக்குங்க" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "மேல போயிப் பார்த்தனுங்க. பூமி அழகா இருக்குதுங்கறாங்க, எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க பொய் சொல்லலையேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். உங்க எடத்துல நான் இருந்திருந்தாப் பொய் சொல்லியிருப்பனுங்க." பிறகு பழைய மகுடபதி கொஞ்சம் திரும்பி வந்தார். "ஒரே ஒரு உபகாரம். அதை விசாரணைக்குக் கொடுக்கறதுன்னா அடுத்த மாசப் பயணம் முடிஞ்சு கொடுங்க. நாலு பேரு போறாங்க. இனிமே பழைய மெஷினே வேண்டாம். உங்க மெஷினு சொன்னாப் போகும், வேண்டாம்னா நிக்கும். அதுதான் சட்டம்."

அவர் மேடைக்குப் போய்விட்டார். பியூலா வெயிலில், காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடம் ஏங்கிய பொருள். அது அவள் கைக்கு வந்தது, அவள் சொன்ன பொய்யை அவர் உண்மை என்று நம்பியதால்.

ஆனால் அவளை அரித்தது வேறு கேள்வி. இலை எங்கே போயிற்று?

திங்கட்கிழமை, கடலில் மிதந்த மோட்டார்க் கூட்டைப் படகில் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் போட்டார்கள். எரிபொருள் முழுதும் எரிந்துபோன வெறும் எஃகு உருளை. உள்ளே ஆள் குனிந்து நடந்து போகலாம். சுடலைமுத்து உப்புத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பியூலா ஒலிக்குமிழ்களைச் சுமந்து வந்தாள்.

"காலி டப்பாவுல என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"தெரியல அண்ணாச்சி. ஒட்டுங்க."

மூன்று மணி நேரம் ஓடியது மெஷின். அதே வேகம், அதே இடைவெளி. திரையில் படம் மெல்லத் திரண்டது. பியூலா பார்த்தாள். பிறகு எழுந்து போய், உருளைக்குள் குனிந்து நுழைந்து, அந்த இடத்தில் கையை நீட்டினாள். காற்று. விரல்களை அகல விரித்து அசைத்தாள். வெறும் காற்று. திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். அதே இடத்தில், நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், சற்றே சாய்ந்து, ஒன்றுமில்லாத வெளியில் தொங்கிக்கொண்டிருந்தது வேப்பிலை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"பேயேதான் அண்ணாச்சி." அவள் உருளையின் முதுகில் நெடுக ஓடிய வெல்டிங் தழும்பைத் தடவினாள். "சத்தம் ரப்பருக்குள்ள செத்துருதுன்னு நெனச்சேன். அது சரிதான். ஆனா இந்த எஃகுக் கூட்டுல அது சாகல. கூட்டையே சுத்தி வந்து, இந்தத் தழும்புல முட்டித் திரும்பி, ஆடி அசைஞ்சு லேட்டா வந்து சேருது. அதுக்குள்ள நான் அடுத்த கேள்வியக் கேட்டாச்சு. போன கேள்விக்கு வந்த பதிலை, இந்தக் கேள்விக்கு வந்த பதில்னு மெஷின் எடுத்துக்கிட்டுது. லட்சம் தடவையும்."

கேள்விகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துப் போட்டாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, எந்த ஒழுங்கும் இல்லாமல். மறுபடி ஓட்டினாள். இலை கலங்கியது, சிதறியது, காணாமல் போயிற்று. நிஜமான பழுதாக இருந்தால், எந்த வேகத்தில் கேட்டாலும் நின்ற இடத்தில் நின்றிருக்கும்.

ஒரு நாள் முழுக்கப் பொறுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். காலி உருளையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எந்தச் சோதனையாளரும் முதலில் செய்கிற வேலை. அவள் செய்யவில்லை. தேடியது கிடைத்ததும் பசி எடுத்துச் சாப்பிடப் போய்விட்டாள்.

அப்படியானால் ஐசக்கின் மோட்டார்? அதன் இரட்டையில் பார்த்ததும் இதே பேய்தான். வெடித்தது எதனால்? தெரியாது. இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஐசக் ஒருவன்தான் அதைச் சரியாக எழுதியிருந்தான்.

மகுடபதி தப்பித்துக்கொண்டாரா என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை. அவருடைய குற்றம் விரிசலில் இல்லை. உள்ளே என்ன என்று தெரியாமலே பழுதில்லை என்று எழுத வைத்தார். ஆறு பேர் செத்தார்கள். அவள், பழுது இருக்கிறது என்று நிச்சயமாக நம்பிக்கொண்டே, பழுதில்லை என்றாள். ஒருவரும் சாகவில்லை. அதில் அவளுடைய பங்கு ஒன்றுமே இல்லை.

அடுத்த மாதம் நாலு பேர். இந்த மெஷின் காட்டுவதை வைத்துத்தான் போவார்கள். இடைவெளியைக் கலைத்து இந்த ஒரு பேயை விரட்டியாயிற்று; வேறு பேய் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது. மெஷினில் பிழை என்று அவள் எழுதியாக வேண்டும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்பார்கள். செவ்வாய்க்கிழமைப் படம் கம்ப்யூட்டரில் தேதி, நேரத்தோடு இருக்கிறது. பார்த்துவிட்டு ஏன் பறக்க விட்டாய் என்பார்கள்.

படத்தை அழித்துவிடலாம். ஒரு பொத்தான்தான். ஒரு பாரத்தைக் கிழிப்பதைவிடச் சுலபம்.

சற்று நேரம் விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள். ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வைத்து எழுத ஆரம்பித்தாள்.

எழுதி முடித்ததும் சுடலைமுத்துவைக் கூப்பிட்டாள். முதலில் மகுடபதியின் காகிதத்தைக் கொடுத்தாள்.

அவர் வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போய் நின்று படித்தார். உதடு அசைந்தது. திரும்ப முதலிலிருந்து படித்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்துப் பியூலா பார்த்ததில்லை.

"சின்னத்துரை சாவுக்கு..." காகிதத்தை மடித்தார். "ஆறு வருசமா ஒங்க முகத்துல முழிக்கும்போதெல்லாம் மனசுக்குள்ள காறித் துப்பிருக்கேன் தங்கச்சி."

தங்கச்சி. மேடம் போய்விட்டது.

"தெரியும் அண்ணாச்சி. இதையும் படிங்க."

அவளுடைய தாளையும் படித்தார். இதற்கு அதிக நேரம் ஆயிற்று. படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கு நாலு தடவ கேட்டீங்களே, எல்லாரும் வந்தாச்சா, வந்தாச்சான்னு."

"ஆமா."

"நான் பெல்ட்டு மாட்டிவிட்டேன். என் கையாலயே." அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கோபமா, பயமா என்று சொல்ல முடியாத குரல். "கொலகாரி ஆயிருப்பீங்க. என்னையும் சேத்து ஆக்கியிருப்பீங்க."

"ஆமா அண்ணாச்சி."

சுடலைமுத்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அவரு கடுதாசி மட்டும் போதுமே" என்றார் கடைசியில். "விசாரணை ஆபீசர்கிட்ட அதைக் கொடுத்தா மொதலாளி உள்ள போயிருவாரு. ஐசக் தம்பி பேரு கல்லுல ஏறிரும். நானே நின்னு வெட்டச் சொல்லுதேன். மெஷின் பிழையத் தனியா, நாசூக்கா ஏதாவது எழுதிக்கலாம். இந்தத் தாளு எதுக்கு?"

"நாசூக்கா எழுதித்தான அண்ணாச்சி அவரு தப்பிச்சாரு? ஓரத்துல இருந்ததை விட்டுட்டு, மத்ததை மட்டும் அழகா டைப் அடிச்சு." இரண்டு தாள்களையும் சேர்த்து மடித்து ஒரே கவரில் போட்டாள். தூத்துக்குடி விசாரணை அதிகாரியின் முகவரியை எழுதினாள். "அவரை நான் விடப்போறதில்ல. அடுத்த மாசம் வரைக்கும் பொறுக்கப் போறதும் இல்ல. இன்னைக்கே போகட்டும்."

"ஒங்களையும்லா உள்ள போட்டுருவானுவ!"

"போடட்டும். அவரு உள்ள போறதக் கிட்ட இருந்து பாக்கலாம்."

சுடலைமுத்து தலையைச் சொறிந்தார். "கிட்ட எங்கிட்டு? ஆம்பளைக்குப் பாளையங்கோட்டை. பொம்பளைக்கு வேற ஊரு, வேற ஜெயிலுலா தங்கச்சி."

பியூலா கவரின் வாயை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"கோர்ட்டுல கூண்டு ஒண்ணுதான அண்ணாச்சி? அது போதும் எனக்கு."